கலையாத கூட்டம்

வடமராட்சிப் பாடசாலையொன்றிலே பயிலும் மாணவர் ஒருவர் சென்ற வாரம் எமக்குக் கடிதம் எழுதியிருந்தார். உலகத்திலுள்ள பெங்குவின் இனங்கள் அனைத்தையும், ஒன்றையும் விடாது, அவை வாழும் இடங்களுக்கே சென்று படம் பிடித்தவர்கள் இருக்கிறார்களாம். அப்படி ஒருவர் வெளியிட்ட நூலைப் பற்றி அவர் எங்கோ வாசித்திருக்கிறார். "மொத்தம் பதினெட்டுப் பறவைகள்தானே, ஐயா! எங்கள் வளவுக்குள்ளே ஒரு காலைப்பொழுதில் பதினெட்டு வகைப் பறவைகளை நான் எண்ணியிருக்கிறேன். இது அவ்வளவு பெரிய காரியமா?" என்பது அவருடைய கேள்வி.

கேள்வியிலே சிறிது குறும்பு இருந்தாலும் நியாயமும் இருக்கிறது. தம் வளவுக்குள் வந்துபோகும் பறவைகளை எண்ணி வைத்திருக்கும் பிள்ளையை முதலில் மெச்சுகிறோம். எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்? ஆயினும் விடை கூறப் புகுமுன் அவரை நாம் பருத்தித்துறை முனைவரை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

வெளிச்சவீட்டுப் பக்கமாக, முருகைக்கற்களிலே அலை மோதும் கரையில் நின்று வடக்கே பார்த்தால் கடல். கடலுக்கப்பால், கண்ணுக்கு எட்டாத தொலைவில், கோடிக்கரை. இலங்கைத் தீவு இங்கே முடிகிறது. இனி அப்படியே திரும்பித் தெற்கு முகமாக நில்லுங்கள். வன்னியையும் குருநாகலையும் தாண்டிச் சென்றால், காலிக்கு அண்மையில் நிலம் முடிந்து மறுபடி கடல் வருகிறது. அங்கிருந்து நேர் தெற்கே ஒரு கப்பலைச் செலுத்தினால், அதன் வழியிலே ஒரு சிறு தீவுகூடக் குறுக்கிடாது. அந்தாட்டிக்காவின் பனிக்கரையிலே சென்றுதான் அது முட்டும். பருத்தித்துறையிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 8,600 கிலோமீற்றர். அந்தக் கரையிலே, எமது நேர்கோட்டுக்குச் சற்று மேற்கே, அமந்தா விரிகுடா என்றொரு விரிகுடா இருக்கிறது. அங்கே உறைந்த கடலின்மேல் சக்கரவர்த்திப் பெங்குவின்கள் கூட்டங்கூட்டமாகக் குஞ்சு பொரிக்கின்றன. 2012ஆம் ஆண்டிலே இந்தியா திறந்த 'பாரதி' ஆராய்ச்சி நிலையமும் அதே பகுதியிலேதான் அமைந்திருக்கிறது. ஆகவே, நேயர்களே, பெங்குவின் எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. இடையிலே பெரிய ஒழுங்கை ஒன்று கிடக்கிறதே தவிர, அது எமது எதிர்வீட்டுப் பறவை.

அந்த எதிர்வீட்டு வாழ்க்கையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். சக்கரவர்த்திப் பெங்குவின் ஒரு மீற்றருக்கு மேல் உயரமுடையது. நன்கு கொழுத்தது நாற்பது கிலோ நிறையிருக்கும். மற்றப் பறவைகள் வசந்தத்திலே முட்டையிட, இது குளிர்காலத்தின் நடுவே, சூரியனே உதியாத நாட்களிலே அடைகாக்கிறது. கூடு இல்லை. ஒரே ஒரு முட்டை. அதைத் தாய் தந்தையிடம் ஒப்படைத்துவிட்டு இரை தேடிக் கடலுக்குப் போய்விடுகிறது. தந்தை அதைத் தன் பாதங்களின்மேல் ஏந்தி, வயிற்றுத் தோல்மடிப்பால் மூடிக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கிறது. உணவு கிடையாது. துணை தேடி வந்த காலத்தையும் சேர்த்தால் நான்கு மாதம்வரை பட்டினி. புயல் அடிக்கும்போது ஆயிரக்கணக்கான தந்தையர் ஒன்றையொன்று ஒட்டி நெருங்கி நிற்பார்கள். வெளிவரிசையிலே காற்றை வாங்கியது மெல்ல உள்ளே நகரும். உள்ளே சூடேறியது வெளியே வரும். ஆண்பிள்ளைகள் அடுப்பங்கரையை எட்டியும் பாராத வீடுகளிலே இதை உரக்க வாசித்துக் காட்டலாம்.

ஆனால் பெங்குவின் என்றதும் பனிக்கட்டியையே நினைப்பது பாடநூற் படங்களால் வந்த வினை. பதினெட்டிலே பெரும்பாலானவை பனிக்கட்டியின்மேல் வாழ்வனவே அல்ல. கலாபகோஸ் பெங்குவின் பூமத்திய ரேகையிலேயே, கொதிக்கும் எரிமலைப் பாறைகளின் நிழலிலே வாழ்கிறது. தென் ஆபிரிக்கப் பெங்குவினைக் கேப்டவுனுக்கு அண்மையிலே, மக்கள் குளிக்கும் கடற்கரையிலே காணலாம். எல்லாவற்றிலும் சிறியது அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வாழ்வது. ஓரடி உயரம், ஏறக்குறைய ஒரு கிலோ நிறை, எமது வீட்டுக் கோழியளவுகூட வராது. பதினெட்டு என்பதுங்கூடப் பெரும்பாலோர் ஒப்பிய கணக்கே. பாறை தாவும் பெங்குவினை ஓர் இனமாகக் கொள்வதா, பிரித்து எண்ணுவதா என்று அறிஞரிடையே வழக்குண்டு. பறவைகளை எண்ணுவதிலே வழக்கு வராமல் போவதில்லை.

இனிப் படம் பிடிக்கும் காரியத்துக்கு வருவோம். மாணவர் வாசித்தது அமெரிக்காவிலே ஆங்கிலப் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் பேர்க்மன் என்பவருடைய நூலாக இருத்தல் வேண்டும். தம் மனைவியோடு பல ஆண்டுகள் பயணம் செய்து, எல்லா இனங்களையும் கண்டு, படமும் எடுத்து, 2020ஆம் ஆண்டிலே அதை அவர் நூலாக்கினார். அவர் எடுத்தவை 'காட்டிலே எடுத்த படங்கள்' என்று எழுதத் தொடங்கிப் பேனாவை நிறுத்திவிட்டோம். கூண்டுக்கு வெளியே வாழும் எதையும் 'காட்டு' என்ற அடைமொழியோடு சொல்லிப் பழகிவிட்டோம். பனிக்கட்டியிலே வாழும் பெங்குவினுக்கோ ஒரு மரங்கூடத் தெரியாது!

பணமும் காலமும் மட்டும் இருந்தால் பதினெட்டும் கைகூடிவிடும் என்று எண்ண வேண்டாம். ஸ்நேயர்ஸ் பெங்குவின் என்ற இனம் நியூசிலாந்துக்குத் தெற்கேயுள்ள ஸ்நேயர்ஸ் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் கூடு கட்டுவதில்லை. அந்தத் தீவுகளிலே உல்லாசப் பயணிகள் கால் வைக்க அனுமதியில்லை. ஆடும் படகிலே நின்றபடிதான் படம் எடுக்கலாம். வடக்குப் பாறை தாவும் பெங்குவினைக் காண வேண்டுமாயின், விமான நிலையமே இல்லாத திரிஸ்தான் டா குன்ஹா போன்ற தீவுகளுக்குக் கப்பலேற வேண்டும். கடல் கொந்தளித்தால் இறங்க முடியாது. தீவைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். முனைக் கடலிலே வாடைக் காற்றுக் காலத்தில் வள்ளம் இறக்க முடியாமல் கரையிலே குந்தியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படமே எடுக்க இயலாத காலமும் ஒன்றிருந்தது. 1911ஆம் ஆண்டு. கப்டன் ஸ்கொட்டின் அந்தாட்டிக்கப் பயணத்திலே ஹேர்பேட் பொன்ரிங் என்ற படப்பிடிப்பாளரும் சென்றிருந்தார். கண்ணாடித் தட்டுகளும் கனத்த கமராவுமாகச் சென்ற அவர், ஒருநாள் பனித்தளத்தின் ஓரத்திலே திமிங்கில இனமொன்றைப் படம் எடுக்கப் போக, அவை அடியிலிருந்து முட்டி அவர் நின்ற பனிக்கட்டியையே உடைத்துவிட்டன. மயிரிழையில் உயிர் தப்பினார். சக்கரவர்த்திப் பெங்குவினின் முட்டையை ஆராயவேண்டும் என்ற ஆவலால், வில்சன், பவர்ஸ், செரி-கராட் என்ற மூவர் அவ்வாண்டு ஜூன் 27ஆந் திகதி, நடுக்குளிர்காலத்து இருளிலே, ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் தொலைவிலிருந்த குரோசியர் முனைக்குப் புறப்பட்டார்கள். வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே அறுபது பாகை வரையில் இறங்கியது. நடுக்கத்திலே பற்கள் அடித்து அடித்துச் செரி-கராட்டின் பற்கள் உடைந்தன. புயலிலே கூடாரம் பறந்துபோய், தெய்வாதீனமாகத் திரும்பவும் அகப்பட்டது. எடுத்த முட்டைகள் ஐந்து. உடையாமல் வந்து சேர்ந்தவை மூன்று.

ஐந்து வாரங்களின்பின், ஓகஸ்ட் 1ஆந் திகதி மூவரும் திரும்பி வந்தபோது, பொன்ரிங் அவர்களைக் குடிலினுள்ளே இருத்திப் படம் எடுத்தார். இன்றும் அந்தப் படத்தைப் பார்க்கலாம். அதிலே பெங்குவின் இல்லை. கன்னங்கள் கறுத்து, கண்கள் குழிந்து, கையிலே கோப்பையோடிருக்கும் மூன்று மனிதர்தாம் இருக்கிறார்கள். பெங்குவினைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களுள் அதுவே தலைசிறந்தது என்பது எமது தனிப்பட்ட அபிப்பிராயம். அடுத்த ஆண்டு வில்சனும் பவர்சும் ஸ்கொட்டோடு தென்துருவ வழியிலே மடிந்தார்கள்.

அன்று மனிதனுக்குப் பறவையால் நேர்ந்த துன்பம் அது. இன்று காரியம் தலைகீழாகிவிட்டது. அந்தாட்டிக்காவுக்கு உல்லாசக் கப்பல்கள் செல்கின்றன. வருகிறவர் ஒவ்வொருவரிடமும் கமரா இருக்கிறது. ஆகவே விதிகள் செய்திருக்கிறார்கள்: பெங்குவினுக்கு ஐந்து மீற்றருக்குக் கிட்டப் போகலாகாது, அது நடந்துபோகும் பாதையை மறிக்கலாகாது. இந்த விதி மனிதனைத்தான் கட்டுப்படுத்தும், பெங்குவினை அல்ல. பேசாமல் நிலத்தில் இருந்தால், அதுவே வேடிக்கை பார்க்க அருகே நடந்து வருமாம். அவுஸ்திரேலியாவின் பிலிப் தீவிலே இன்னும் கண்டிப்பு. அங்கே அந்திப்பொழுதில் கடலிலிருந்து கரையேறும் சிறு பெங்குவின்களைப் பார்க்க நாள்தோறும் மக்கள் திரள்கிறார்கள். ஆனால் படம் எடுப்பது முற்றாகத் தடை. ஒளி பட்டால் பறவைகள் மிரண்டு, குஞ்சுக்கு இரை கொண்டுபோகாமல் மறுபடி கடலுக்குள் ஓடிவிடும் என்ற அச்சமே காரணம். பணம் கொடுத்து வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இத்தனைக்கும் படப்பிடிப்பினால் வரும் தொல்லை சிறியது, பெரியவை வேறு. தென் ஆபிரிக்கப் பெங்குவின் 2024ஆம் ஆண்டிலே அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் வரிசையிலே சேர்க்கப்பட்டது. அது உண்ணும் சாளையும் நெத்தலியும் கடலிலே குறைந்துபோனமை முக்கிய காரணம். சாளையும் நெத்தலியும் குறைந்தால் குடும்பம் என்ன பாடுபடும் என்பது பருத்தித்துறைக் கரையோர வீடுகளுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதன்று. 1982, 83ஆம் ஆண்டுகளிலே பசுபிக் கடல்நீர் வெப்பமேறியபோது கலாபகோஸ் பெங்குவின்களிலே நான்கில் மூன்று பங்கு மாண்டன. ஒருவர் தமது பதினெட்டை நிறைவு செய்யுமுன்னே உலகிலே பதினெட்டு இல்லாமற் போகவுங்கூடும்.

தமிழரிலே இத்தகைய விரதம் பூண்டவர் உண்டா என்று கேட்பீர்கள். பெங்குவினைத் தேடிப் போகவில்லை. ஆனால் தம் நாட்டு விலங்குகளைத் தேடி ஆயுள் முழுவதும் நடந்த ஒருவர் உண்டு. மா. கிருஷ்ணன். 1912ஆம் ஆண்டு திருநெல்வேலியிலே பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950ஆம் ஆண்டு தொடங்கிக் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையிலே இயற்கையைப் பற்றி ஒரு பத்தி எழுதினார். 1996ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவர் மறையும்வரை, நாற்பத்தாறு ஆண்டுகள், அது நிற்கவில்லை. வாரம் ஒரு பத்திக்கே விழி பிதுங்கும் எம்போன்றவர்கள் இவ்விடத்திலே எழுந்து நின்று வணங்க வேண்டும்.

1968ஆம் ஆண்டிலே நேரு பெயரிலான ஆய்வுக்கொடை அவருக்குக் கிடைத்தது. அதைக் கொண்டு இந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டி விலங்குகளை அவை வாழும் காடுகளிலேயே கண்டு, குறித்து, படமும் எடுப்பது என்று முனைந்தார். யானை, காட்டெருது, மான் வகைகள், குரங்கினங்கள் என்று காடு காடாக அலைந்தார். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். அவருடைய கமராவோ, வெவ்வேறு கமராக்களின் உறுப்புகளை ஒன்றாகப் பொருத்தி அவரே உருவாக்கிய ஒரு பாரிய யந்திரம். அதற்கு அவர் வேடிக்கையாகச் சூட்டிய பெயர் 'சூப்பர் பொண்டரோசா'. அதைத் தூக்கிக்கொண்டு நடந்தோ, பழக்கிய யானையின் முதுகிலிருந்தோதான் காட்டு யானைகளைப் படம் எடுத்தார். பழக்கிய யானை அருகே வந்தால் காட்டு யானை அவ்வளவு மிரளுவதில்லை. அவருடைய யானைப் படங்களைப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: கன்று தாயின் காலிடையிலே நிற்கும், ஒன்று மண்ணை அள்ளி முதுகிலே போடும், ஒன்று புல்லைப் பிடுங்கும். கமராவைப் பார்த்து ஓடும் யானைகளின் படமாக இல்லாமல், தம் பாட்டுக்கு வாழும் யானைகளின் படமாக அவை இருக்கும். விலங்கு எம்மைப் பொருட்படுத்தாது இருக்கும்வரை காத்திருப்பது, படம் எடுப்பதைக் காட்டிலும் கடினமான வேலை.

இவ்வளவும் எழுதிவிட்டு எமது சொந்தக் குற்றத்தை மறைப்பது அழகன்று.

பல ஆண்டுகளுக்கு முன், தை மாதத்து விடியற்காலையொன்றிலே, நாகர்கோவிலுக்கும் மருதங்கேணிக்கும் இடையிலே களப்போரமாகச் சென்றுகொண்டிருந்தோம். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கமரா கையில் இருந்தது. சுருளிலே மூன்று படங்கள்தாம் மீதி. களப்பிலே பூநாரைகள். முன்னூறுக்குக் குறையாது. தலையைக் கீழே கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்று நீரிலே தோய்த்து, அரித்து அரித்து உண்டுகொண்டிருந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படத்துக்கு அது போதாதென்று எமக்குத் தோன்றியது. பூநாரையின் அழகு அதன் சிறகை விரித்தாற்றானே தெரியும்! உள்ளே அரக்குச் சிவப்பு, ஓரத்திலே கறுப்பு. கமராவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, உடன் வந்தவரைக் கையைத் தட்டச் சொன்னோம். தட்டினார். கூட்டம் முழுவதும் நீரின்மேல் ஓடி, எழுந்து, வானிலே தீப்பிடித்ததுபோல விரிந்தது. மூன்று படங்களையும் எடுத்துவிட்டோம்.

அப்பால் இடுப்பளவு நீரிலே வீச்சுவலையோடு ஒரு முதியவர் நின்றார். எம்மைத் திட்டவில்லை. பறவைகள் போன திசையைப் பார்த்துவிட்டு, "விடியத்தான் வந்து இறங்கினதுகள், தம்பி. இனி இண்டைக்கு உதிலை இறங்காதுகள்," என்றார். பிறகு வலையை வீசத் திரும்பிவிட்டார்.

அவர் சொன்னதன் பொருள் எமக்குப் பின்னரே விளங்கிற்று. பூநாரையின் உணவு கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. சிறு இறால்களும் பாசிகளும் பூச்சிப் புழுக்களும். அவற்றை வடித்து வயிறு நிரப்ப நெடுநேரம் செல்லும். கனத்த உடலைத் தூக்கி எழும்ப ஓட்டமும் வேண்டும், பலமும் வேண்டும். காலையிலே உண்டதை எமது மூன்று படங்களுக்காக அவை செலவழித்துவிட்டுப் பசியோடு போயின. இவை இங்கே குஞ்சு பொரிப்பனவும் அல்ல, வருவதே உண்பதற்காக. இன்னும் தெற்கே, அதே கரையோரத்துச் சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு, 2015ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவும் ஆயிற்று. சரணாலயத்தின் எல்லைக்கோடு பறவைக்குத் தெரியாது. எல்லைக்கு வெளியேயுள்ள களப்பிலே கை தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்திருக்கும். இப்போது கை தட்டவும் வேண்டியதில்லை. இரைந்துகொண்டு பறக்கும் ட்ரோன் ஒன்றை மேலே அனுப்பினாற் போதும்.

அந்தப் படம் எமது வீட்டு விறாந்தையிலே சட்டமிட்டுத் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் புகழ்கிறார்கள். நாம் தேநீர் கொண்டுவரச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறோம்.

இவ்வாண்டு தை மாதத்திலே எமது மருமகன் ஒருவனோடு மறுபடி அவ்வழியே சென்றோம். அவன் உயர்தர வகுப்பு மாணவன். கைத்தொலைபேசியிலேயே எல்லாம் எடுப்பவன். வாடை வீசிற்று. களப்பிலே பூநாரைகள் நின்றன, முன்னைப்போல் முன்னூறு இல்லை, சிறிய கூட்டம், அதுவும் தொலைவிலே. அவன் தொலைபேசியை நீட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, ஒருக்காக் கையைத் தட்டுங்கோவன். எழும்பினால் நல்ல படமாய் வரும்," என்றான். விறாந்தைப் படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அவனைக் கோபிக்க எமக்கு என்ன உரிமை? படம் எடுத்த கதையை முதன்முறையாக அவனுக்குச் சொன்னோம். முதியவர் சொன்னதையும் சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை. கண்டற்பற்றை ஒன்றின் அருகே ஈர மணலிலே இருவரும் இருந்துவிட்டோம்.

ஒரு மணித்தியாலம் சென்றிருக்கும். கொண்டுபோன தட்டைவடைப் பொட்டலம் முடிந்துவிட்டது. காற்றிலே ஆழங்குறைந்த நீர் எம் பக்கமாக ஒதுங்கியது. நீரோடு பறவைகளும் மேய்ந்தபடியே, ஓரோர் அடியாக, எம் பக்கம் வந்தன. அலகால் நீரை அரிக்கும் சலசலப்புக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டன. குஞ்சுப் பருவம் முற்றாக நீங்காத சாம்பல் நிறப் பறவைகளும் இடையிலே நின்றமை அப்போதுதான் தெரிந்தது. மருமகன் தொலைபேசியை முழங்காலின்மேல் வைத்து, அசையாமல், ஒரேயொரு படம் எடுத்தான். ஒன்றும் சிறகு விரிக்கவில்லை. ஒரு பறவையின் முகங்கூடச் சரியாகத் தெரியவில்லை. எல்லாம் தலை கவிழ்ந்தபடி.

வீடு திரும்பும் வழியிலே அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பறவைகளை எண்ணினான். நாற்பத்தேழு என்றான். நாம் எண்ணியபோது நாற்பத்தாறு. பருத்தித்துறை வந்து சேருமட்டும் வழக்குத் தீரவில்லை.